வளையத்தில் நுழையாத கோல்கள்

திரேஸ்புரம், தூத்துக்குடி
1947 சனவரி 9

சவேரியம்மாளுக்கு மரியான் எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். கொழும்பில் உன் அண்ணன் இன்னாசி வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன். சங்கு குளிக்கப் போவது என் காதோடு முடிந்துபோனது உனக்குத் தெரியும். நீ போன பிறகு ஒரு வருடம் கிழிந்த வலை பொத்திப் பார்த்தேன். மனசு அதில் நிற்கவில்லை. இப்போது தேவபிரசாதம் அண்ணாச்சியின் கடைசல் பட்டறையில் இருக்கிறேன். கட்டில் கால், தோணிக்குக் கப்பி, உருளை எல்லாம் கடைகிற இடம். என்னோடு பேச அண்ணாச்சி ஒரு பலகையும் சாக்குக்கட்டியும் வைத்திருக்கிறார்.

போன மாதம் துறைமுகத்து ஆபீசர் ஒருவர் உடைந்த பேனாவைக் கொண்டுவந்து, மூடிக்குத் திருகுமரை போட்டுத் தரச் சொன்னார். அண்ணாச்சி அதை என் கையில் கொடுத்தார். நான் கழற்றிப் பார்த்தேன். சவேரி, ஐந்தே துண்டு! மை நிற்கிற கூடு, கூட்டில் திருகுகிற கழுத்து, கழுத்துக்குள் செருகுகிற நாக்கு, நாக்கின் மேல் படுத்திருக்கிற நிப்பு, அப்புறம் மூடி. ஆணி இல்லை, பசை இல்லை, எந்திரம் எதுவும் இல்லை. சட்டைப் பையில் இருக்கும்போது மை கொட்டாமல் நிற்கிறது, தாளைத் தொட்டால் இறங்குகிறது. அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அன்றைக்குப் பகல் முழுவதும் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதை ஒரு தடவையாவது நான் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காது போன பிறகு எனக்கு வந்த முதல் ஆசை.

சாமான் இங்கே கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்தும் சரக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை. கொழும்பில் கிடைக்குமாம். எபோனைட் என்று கருப்பாக, கெட்டி ரப்பரில் செய்த கோல் விற்பார்கள். அதில் எட்டு வேண்டும். உளி ஏழு தினுசு. துளை போடும் அலகு ஆறு. மரை போடுகிற டேப்பும் டையும். நிப்பு மெல்லியது, நடுத்தரம், பட்டை மூன்றிலும் இரண்டிரண்டு. தங்க முலாம் பூசிய கிளிப்பு நான்கு. பணத்தைத் தோணி ஓட்டுகிற தண்டல் கையில் கொடுத்திருக்கிறேன். பார்சலையும் அவரே கொண்டுவருவார்.

இத்துடன் ஒரு பித்தளை வளையம் வைத்திருக்கிறேன். கோல் அந்த வளையத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். வளையத்தை வைத்துப் பார்த்து எடு.

வேறு விசேஷம் இல்லை.

மரியான்


கொழும்பு
1947 சனவரி 26

பிலோமி அப்பாவுக்கு,

சேசு மரியே சூசை துணை. உங்கள் கடிதமும் வளையமும் வந்தன. உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் முன்னால் பிரிக்க வேண்டாம் என்று குசினிக்குள் போய் நின்று பிரித்தேன். உள்ளே எபோனைட் கோல் எட்டு, உளி ஏழு, அலகு ஆறு என்று சாமான் பட்டியல்தான். சரிதான் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளே புறக்கோட்டைக்குப் போனேன். நம் காயல்பட்டணத்து முத்துவாப்பா மரைக்கார் அங்கே பெரிய இரும்புக்கடை வைத்திருக்கிறார். நீங்கள் அந்தக் கடையைப் பார்க்க வேண்டும். சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் உள்ளே முழுக்க நிப்பு! கரைவலையில் நெத்திலி ஏறினது மாதிரி மின்னிக்கொண்டு கிடக்கிறது. ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் காட்டினார். நுனியில் மணல் பருக்கை அளவு ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது. அந்தப் பொட்டு இருந்தால் வருடக்கணக்கில் எழுதினாலும் தேயாதாம். இல்லாத நிப்பு இரண்டே மாதத்தில் மொட்டையாகிவிடுமாம். இவ்வளவு சின்னப் பொட்டை எந்தக் கையால் எடுத்து ஒட்டினார்களோ, மாதாவே! நானும் ஊசியோடு பிழைக்கிறவள்தான். என் கைக்கே அது வராது.

உங்கள் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னையும் பட்டியலையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏம்மா, புதுசாத் தொடங்குத ஆளுக்கு எதுக்கு இத்தனை ஆயுதம்? சண்டைக்கா போறாரு?" என்றார். அப்புறம் அவரே பென்சிலை எடுத்து அடித்துத் திருத்தினார். உளி மூன்று போதுமாம். முரட்டுத் தோலை எடுக்க வளைந்தது ஒன்று, வழவழப்பாக்கச் சாய்ந்தது ஒன்று, துண்டாக வெட்ட ஒன்று. மிச்சத்தைக் கை கேட்கிறபோது வாங்கிக்கொள்ளலாமாம். அலகு இரண்டு போதும். கூட்டுக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. ஆனால் டேப்பும் டையும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், தனித்தனியாகப் பொறுக்கினால் கூடும் கழுத்தும் ஒன்றோடொன்று சேராது என்று இரண்டு தடவை சொன்னார். நாக்கை இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டாம், அதில் மை ஓடுகிற கோடு கீறுவது பழகின கைக்கே தகராறு, ஆயத்தமாக விற்பதை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நிப்பு நடுத்தரம் மட்டும். பட்டை நிப்பு மையைக் குடிக்கும், மெல்லிய நிப்பு தாளைக் கிழிக்கும். கிளிப்புக்கு வந்ததும் சிரித்துவிட்டார். "முத பேனா சட்டைப் பைக்கா போகப் போவுது? தங்கம் பொறவு பாக்கலாம்."

எல்லாவற்றையும் கட்டித் தண்டலிடம் கொடுத்துவிட்டேன். கோலை மட்டும் வளையத்தை வைத்து நானே ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன். மீந்த பணமும் பார்சலில் இருக்கிறது.

இன்னொரு சேதி. நான் தையல் சொல்லிக்கொடுக்கிற கன்னியர் மடத்தில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்களாம். ஐந்து வருடத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தங்க அறை கொடுக்கிறார்கள், பிலோமிக்குப் படிப்பும் அங்கேயே. ஏப்ரலில் வருகிற உயிர்த்த திருநாளுக்குள் பதில் சொல்லச் சொல்லி மதர் தாளைக் கையில் கொடுத்துவிட்டார். அண்ணன் போடு என்கிறான். நான் இன்னும் போடவில்லை.

பிலோமிக்கு மேல் வரிசையில் இரண்டு பல் விழுந்துவிட்டது. "அப்பா என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டாள். உங்கள் கடிதத்தில் அவள் பெயரே இல்லை, நான் என்ன சொல்வேன்? "அப்பா பேனா செய்யப் போறாவ" என்றேன். "எனக்கா?" என்றாள்.

சவேரியம்மாள்


திரேஸ்புரம்
1947 பிப்ரவரி 10

சவேரிக்கு,

பிலோமியைப் பற்றி எழுதாதது தப்புதான். அவளுக்கு என் முத்தம். விழுந்த பல்லைக் கூரையில் எறிந்தாயா?

பார்சல் இன்னும் வரவில்லை. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் தோணி தாமதம். வந்தாலும் கை பழகாமல் எபோனைட்டைத் தொடக் கூடாது என்று அண்ணாச்சி என்னைப் பூவரசங்கட்டையில் பழகச் சொன்னார். பத்து நாளாகப் பூவரசுதான். முதல் நாள் உளியை அழுத்திப் பிடித்தேன், கட்டை எகிறி என் நெற்றியில் அடித்தது. அண்ணாச்சி ஓடிவந்து பலகையில் எழுதினார்: "ஏலே, உளியப் பிடிக்கியா, அது கழுத்த நெரிக்கியா?"

இங்கே ஒரு அதிசயம் நடந்தது, அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உளி சரியாக வெட்டுகிறதா இல்லையா என்பதை மற்றவர்கள் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்களாம். எனக்கு அது வாய்க்காது என்று நினைத்து முதல் இரண்டு நாள் மனசு விட்டுப்போனது. மூன்றாம் நாள் உளியின் பிடி வழியாக என் முழங்கை வரைக்கும் ஒரு நடுக்கம் ஏறியது. முனை மழுங்கியிருந்தால் அது ஒரு மாதிரி. கட்டையில் கிளை முளைத்த கண்ணு இருந்தால் வேறு மாதிரி. எல்லாம் சரியாக இருந்தால் நடுக்கமே மெத்தென்று ஓடுகிறது. சங்கு குளிக்கையில் தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் குனிகிறானா நிமிர்கிறானா என்று கையிலேயே தெரியும் அல்லவா, அது மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு கடைந்தேன். திறந்து பார்த்தால் கட்டை உருண்டையாக, அவ்வளவு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. நானா செய்தேன் என்று திகைத்துப்போனேன். அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 13

தபாலில் போடுவதற்குள் தோணி வந்துவிட்டது. பார்சலைப் பிரித்தேன். உளி, அலகு எல்லாம் சரி. கோல் எட்டும் தடி! எங்கள் எந்திரத்தின் தலையில் உள்ள துளைக்குள் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தத் துளையின் அளவுக்குத்தானே வளையம் செய்து அனுப்பினேன்? ஒரு கோலை ஒரு வளையத்துக்குள் விட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? நீயே ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். என்னத்தைப் பார்த்தாய்? ஒரு மாதமாக இதற்காகக் காத்துக்கிடந்தேன். அண்ணாச்சி முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. செவிடன் பெண்டாட்டிக்குக் கண்ணும் இல்லையோ என்று நினைத்திருப்பார்.

மரியான்


கொழும்பு
1947 பிப்ரவரி 22

பிலோமி அப்பாவுக்கு,

எனக்குக் கண் இருக்கிறது. அந்தக் கண்ணால் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து சங்குக் காலம் முழுவதும் அரசாங்கக் கொட்டகை வேலிக்கு வெளியே சோற்றுச் சட்டியோடு நின்றவள் நான். உள்ளே நீங்கள் குளித்து எடுத்த சங்கை ஆபீசர் ஒவ்வொன்றாக எடுத்து வளையத்தில் வைப்பார். வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது பொடி, திரும்பக் கடலுக்குப் போக வேண்டியது. நுழையாமல் நின்றால்தான் சங்கு. நீங்கள் மூச்சைப் பிடித்து எடுத்த ஒன்று நழுவி விழுகிறபோதெல்லாம் கூலியில் ஒன்று குறையும். "நிக்கணும் மாதாவே, நிக்கணும்" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்வேன். அப்படி நின்றவளிடம் வளையத்தைக் கொடுத்து, "வைத்துப் பார்த்து எடு" என்று எழுதினால் அவள் எதை எடுப்பாள்? வளையத்தில் நுழைந்த கோலையெல்லாம் தள்ளினேன். நுழையாமல் நின்ற எட்டைப் பொறுக்கினேன். முத்துவாப்பா முதலாளி, "தடிமனா இருக்கே தாயி, ரோசிச்சு எடு" என்று சொல்லத்தான் சொன்னார். "எங்க வீட்டு வளையம் எனக்குத் தெரியும் மொதலாளி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் கடையப்போவது சங்கு இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. தப்பு என் மேல். கோல்களைத் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறாராம்.

ஆனால் செவிடன் பெண்டாட்டி என்று எழுதினீர்களே, அந்தப் பெண்டாட்டியை நீங்கள் எப்படி அனுப்பினீர்கள் என்பது நினைவிருக்கிறதா? காதில் சீழ் வைத்து நீங்கள் படுத்திருந்த மார்கழியில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று வாங்கிவந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் எழுதிக் காட்டினேன். அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தீர்கள். "உன் வாய் அசையதப் பாக்க எனக்குப் புடிக்கல. போயிரு, உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு" என்றீர்கள். காது கேட்காததால் உங்களுக்கு உங்கள் குரலின் அளவு தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. பிலோமி என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். நான் கப்பலேறினேன். நீங்கள் துறைமுகப் பாலத்துக்குக்கூட வரவில்லை.

மதர் கொடுத்த தாளைப் பற்றி எழுதினேன். ஐந்து வருடம் என்று எழுதினேன். நீங்கள் கட்டையில் கண்ணு இருக்கிறதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கை கயிறு பிடிக்கிறதைப் படித்துவிட்டு நான் தையல் எந்திரத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஆனாலும் எனக்கு வேண்டிய பதில் அது இல்லையே.

இது என் கடைசிச் சாமான் கடிதம். இனி எழுதுவதானால் கோலும் நிப்பும் இல்லாத கடிதமாக எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம். திருநாளன்று நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

சவேரியம்மாள்


திரேஸ்புரம்
1947 மார்ச் 16

அன்புள்ள சவேரிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். சங்கு வளையம் என்ற இடம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பலமாகச் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. அண்ணாச்சி கடைசல் எந்திரத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் மடித்துக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பலகையில் எழுதினார்: "பெருசா இருக்கதத்தான எடுத்து அனுப்பிருக்கா. ஒன்ன மட்டும் எந்த வளையத்துல வச்சுப் பாத்தாளோ?"

மிச்சக் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. கடற்கரைக்குப் போய்ப் படித்தேன்.

நான் செய்தது பாவம், சவேரி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ பேசுகிறபோது உன் வாய் அசையும், சத்தம் வராது. நீ காலையில் பிலோமியை எழுப்புகிற குரல், மீன்காரியோடு சண்டை போடுகிற குரல், எல்லாம் எனக்கு மனப்பாடம். அது இனி வராது என்பதை உன் வாயைப் பார்க்கிறபோதெல்லாம் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதை உன்னிடம் சொல்லி அழுதிருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல் உன்னைத் துரத்திவிட்டேன். பாலத்துக்கு வந்தேன். நீ பார்க்கவில்லை. உப்பு மூட்டை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் கப்பல் மறைகிற வரைக்கும் நின்றேன். ஓடிவந்து உன்னை இறக்கியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை.

கோலும் நிப்பும் இல்லாமல் எழுதச் சொன்னாய். இதுவரைக்கும் எழுதிவிட்டேன். இனிமேல் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள். எனக்கு நடந்ததைச் சொல்ல உன்னைவிட்டால் வேறு ஆள் இல்லை.

கோல்களைத் திருப்பி அனுப்பவில்லை. உன் கை பொறுக்கி எடுத்ததை அனுப்ப மனசு வரவில்லை. நான்கு கோலுக்கு ஒரு முனையை மட்டும் அரத்தால் மூன்று நாள் தேய்த்துத் துளைக்குள் போகவைத்தேன். முதல் கோலில் துளை போடும்போது அலகை வெளியே எடுக்காமல் அழுத்திக்கொண்டே போனேன். சூட்டில் எபோனைட் இளகி அலகைக் கவ்விக்கொண்டது. இரண்டாவது மரை போடும்போது வெடித்தது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போக வேண்டுமாம், நான் ஒரே மூச்சாகத் திருகிவிட்டேன். மூன்றாவதில் துளை கோணல். நான்காவது நின்றது.

அது கடைகிறதைப் பார்க்க வேண்டுமே! உளி பட்டதும் கருப்பு நாடா ஒன்று நீளமாக, அறுந்துபோகாமல் சுருண்டு சுருண்டு என் மடியில் விழுகிறது. கந்தக வாடை. மேலே சாம்பல் பூத்த மாதிரி இருந்த கோல் உள்ளே அப்படி ஒரு கருப்பு. கணவாய் மீனின் ஓட்டைப் பொடிசெய்து எண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க என் முகம் தெரிந்தது.

பேனா குண்டாக வந்திருக்கிறது. மெல்லிய பேனாவை என் முரட்டு விரலால் பிடித்தால் வழுக்கும். இது கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கைக்கு வேண்டிய தடிமன் எனக்கே தெரியவில்லை, நீதான் தெரியாமல் அனுப்பியிருக்கிறாய்.

நாக்கைச் செருகி, நிப்பை வைத்து, மை ஊற்றி எழுதினேன். வரவில்லை. உதறினேன், வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை. கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பளிச்சென்று பட்டது. நாக்கில் உள்ள கோட்டின் வழியாகத்தான் மை கீழே வருகிறது. அதே வழியாகத்தான் காற்று மேலே போக வேண்டும். நான் இறுக்கமாகச் செருகிக் காற்றுக்கு வழியில்லாமல் செய்திருந்தேன். மூச்சு உள்ளே போகாமல் மை எப்படி வெளியே வரும்? கடலுக்கு அடியில் ஒன்பது பாகம் ஆழத்தில் மூச்சைப் பிடித்துக் கிடந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். கழுத்தை உள்பக்கம் ஒரு மயிரிழை தேய்த்துவிட்டேன். மறுபடி தாளில் வைத்தேன்.

வந்தது, சவேரி. ஒரு சொட்டுக்கூடக் கொட்டாமல், கேட்ட இடத்தில், கேட்ட அளவுக்கு வந்தது. பிலோமினாள் என்று எழுதினேன். மை காய்வதற்குள் என் கண்ணீர் பட்டு அழிந்துவிட்டது, மறுபடி எழுதினேன். ஒரு கருப்புக் கோல் மூச்சுவிடுகிறது. என் கையால் செய்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. கோயிலில் போய் முழங்காலில் நின்றேன்.

அந்தப் பேனாவைத் தண்டல் கையில் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் அதில் எழுதியதுதான்.

மதர் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடுவது உன் இஷ்டம். அறையும் படிப்பும் கிடைக்கிற இடத்தை விடச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ வா. பிலோமியைக் கூட்டிக்கொண்டு வா. எனக்கு வேறு சாமான் எதுவும் வேண்டாம்.

உன்
மரியான்


கொழும்பு
1947 ஏப்ரல் 1

என் அன்புள்ள பிலோமி அப்பாவுக்கு,

போன வாரமே உங்கள் பேனா வந்தது. உங்கள் பேனாவால்தான் எழுதுகிறேன்.

முதலில் அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்தேன். நானும் பிலோமியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "இத அப்பாவா செஞ்சாவ? கையாலயா?" என்று பத்துத் தடவை கேட்டாள். மூடியைத் திருகினால் மூன்றே சுற்றில் வந்து நிற்கிறது, எங்கே சேர்ந்தது என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை. ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்து அவள் தன் பெயரை எழுதினாள். மை வந்ததும் ஐயோ என்று கத்திவிட்டாள். இப்போது அவளுக்கு நாக்கு, உதடு, கன்னம் எல்லாம் நீலம்.

புறக்கோட்டைக்கும் கொண்டுபோனேன். முத்துவாப்பா முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழற்றிப் பார்த்தார், வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார், ஒரு தாளில் கோடு கோடாக இழுத்துப் பார்த்தார். "முத பேனாவா? நெசமாச் சொல்லு தாயி" என்றார். கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "அன்னைக்குத் தடிக்கோலு எடுத்துக்கிட்டுப் போச்சே, அந்தத் தாயி வீட்டுல செஞ்சது" என்று அவர் சொன்னபோது எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்து அழுகை முட்டியது. குறை சொல்வதாக நினைக்காமல் ஒன்று கேளுங்கள். பாதி மை தீர்ந்த பிறகு உங்கள் பேனா கக்குகிறது. மதருக்குக் கணக்கு எழுதுகிற தாளில் பெரிய பொட்டு வைத்துவிட்டது. கைச்சூட்டில் உள்ளே இருக்கிற காற்று உப்பி மையைத் தள்ளுகிறதாம். அடுத்ததில் கூட்டின் சுவரைக் கொஞ்சம் கனமாக விடுங்கள் என்று முதலாளி சொல்லச் சொன்னார்.

உப்பு மூட்டைக்குப் பின்னால் நின்றதைப் படித்தேன். இரண்டு வருடமாக நான் உங்களைத் திட்டிய திட்டில் பாதி அந்தப் பாலத்துக்குத்தான். நீங்கள் நின்றீர்கள் என்று தெரிந்திருந்தால் நான் குதித்து வந்திருப்பேன். ஏன் என் முன்னால் வந்து நிற்கவில்லை என்று இப்போதும் கோபம் வருகிறது. நேரில் வந்து அந்தக் கோபத்தையும் தீர்த்துக்கொள்கிறேன்.

மதரிடம் நேற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் வருகிறேன். ஆனால் ஊமையாக இருக்க வரவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு முன்னால் பேசுவேன், சோறு போடும்போது பேசுவேன், பிலோமியை எழுப்பும்போது பேசுவேன், உங்களிடம் சண்டை வந்தால் வாய் ஓயாமல் பேசுவேன். என் வாய் அசையும். நீங்கள் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புரியவில்லை என்றால் என் கையைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள், நூறு தடவை சொல்கிறேன். பார்க்க வருத்தமாக இருந்தால் அழுங்கள், நானும் சேர்ந்து அழுகிறேன். போகச் சொல்ல மட்டும் கூடாது. இதற்குச் சம்மதம் இல்லை என்றால் உடனே தந்தி அடித்துவிடுங்கள்.

தந்தி வராவிட்டால் திருநாள் கழித்துப் பதினாறாம் தேதி புதன்கிழமை கப்பலேறுகிறோம். வியாழன் காலை அங்கே இறங்குவோம். பாலத்தில் கூட்டமாக இருக்கும், மூட்டைக்காரர்கள் இடிப்பார்கள், எல்லோரும் அவரவர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் அங்குமிங்கும் திரும்பித் தேட வேண்டாம். வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். நான் உங்களைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு உங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறப்பேன்.

உங்கள்
சவேரியம்மாள்